ஒரே வேலையில் உட்கார்ந்தால் மனம் ஓடிவிடுகிறது, நான்கை எடுத்தால் பிழை வருகிறது: ஏடிடி உள்ளவர்கள் என்ன செய்கிறீர்கள்?

நூற்கண்டு எழுதியது:

வணக்கம். பதினாறு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன். பாடநூல், ஆய்வு நூல், சில நேரம் நாவல். வயது 41. எட்டு மாதத்துக்கு முன்னால்தான் ஏடிடி, அதாவது கவனக்குறைபாட்டுக் கோளாறு, என்று உறுதியானது. மருத்துவர் கொடுத்த தாளில் 'ஏடிஎச்டி, கவனக்குறைவு மேலோங்கிய வகை' என்று இருந்தது. ஏடிஎச்டி என்றால் கவனக்குறைபாட்டோடு துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு என்று பெயர். எனக்குத் துறுதுறுப்பே கிடையாதே என்று கேட்டேன். 1980இல் ஏடிடி என்று பெயர் வைத்தார்கள், 1987இல் ஏடிஎச்டி என்று மாற்றினார்கள், துறுதுறுப்பு இல்லாதவர்களும் இப்போது அந்தப் பெயருக்குள்தான் வருகிறார்கள் என்று விளக்கினார். பழைய பெயர்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதையே எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு வரலாற்று நூலின் ஆறாம் அத்தியாயத்தில் அடிக்குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். 31ஆம் குறிப்பை முடித்த நேரத்தில், வேறொரு புத்தகத்தின் பின்னட்டை வாசகத்தை உடனே பார்த்துத் தரும்படி மின்னஞ்சல் வந்தது. ஐந்து நிமிட வேலை. முடித்தேன். அந்த வாசகத்தில் இருந்த ஒரு பெயரைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்களா என்று தேடப் போனேன். தேடும்போது, மூன்றாவது புத்தகத்தின் சொல்லடைவில் அதே பெயரை வேறு மாதிரி விட்டிருப்பது நினைவுக்கு வந்தது. அதையும் திறந்தேன். எல்லாம் முடித்துத் திரும்பி வந்தபோது, அடிக்குறிப்பு 40 வரை பார்த்தாகிவிட்டது என்று மனதில் ஓர் உறுதி. அது எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஒன்பது குறிப்புகள் யார் கண்ணும் படாமல் அச்சுக்குப் போய்விட்டன. அதில் இரண்டில் ஆண்டு தவறு.

ஏழு வருடம் உழைத்து எழுதிய நூல் அது. ஆசிரியர் கோபப்படவில்லை. "நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று நான் பார்க்காமல் விட்டுவிட்டேன்" என்று மட்டும் சொன்னார். அது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

இனிமேல் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் என்று முடிவு செய்தேன். கூட வேலை பார்ப்பவர்களும் அதையேதான் சொன்னார்கள். இரண்டு வாரம் செய்து பார்த்தேன். செல்போன் அடுத்த அறையில், இணையம் துண்டிப்பு, கதவு சாத்தல், மேஜையில் ஒரே ஒரு கோப்பு. முதல் நாள் ஒரு பக்கத்தை நான்கு முறை படித்தேன். கண் எழுத்தின் மேல் போகிறது, உள்ளே எதுவும் இறங்கவில்லை. மதியத்துக்குள் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி அசதி. சாதாரணமாக முப்பது பக்கம் பார்க்கும் நேரத்தில் பதினொன்றுதான் முடிந்தது. அந்தப் பதினொன்றிலும் பிழைகளை விட்டிருந்தேன்.

இதற்கு நேர்மாறாக ஒன்று உண்டு. சில நாள் கணினியை உரக்கப் படிக்கவிட்டு, கண்ணால் பக்கத்தைப் பின்தொடர்ந்துகொண்டே கையில் கம்பளி பின்னுவேன். அப்படிப் பார்க்கும் பக்கங்கள்தான் என் வேலையிலேயே சுத்தமானவை. விடுபட்ட ஒற்று, இருமுறை விழுந்த சொல், ஒருமை பன்மை மயக்கம் எல்லாம் தானாகவே தட்டுப்படும். அதுவும் இரண்டு வேலைதானே? அது ஏன் உதவுகிறது, மின்னஞ்சல் ஏன் கவிழ்க்கிறது?

ஒழுக்கமாக இருங்கள் என்ற அறிவுரையை நாற்பது வருடம் கேட்டாயிற்று. இதே மாதிரி மண்டையோடு வேலை செய்பவர்கள் உண்மையில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும்.


இழைப்புளி எழுதியது:

நான் தச்சன். 54 வயது. எனக்கு ஏடிடி என்று தெரிந்தது என் மகனுக்குப் பரிசோதனை செய்தபோது. அவனிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான் மனதுக்குள் 'ஆமாம், ஆமாம்' என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் பட்டறையில் எப்போதும் இரண்டு மூன்று வேலை ஓடும். ஓடித்தான் ஆக வேண்டும். பசை போட்டு கிளாம்ப் மாட்டிவிட்டால் பிடிக்கும் வரை தொடக் கூடாது. வார்னிஷ் காய வேண்டும். அந்த நேரத்தில் சும்மா நின்றால் என் கை எதையாவது கெடுத்துவிடும். அதனால் ஒன்றை இழைத்துக்கொண்டிருப்பேன், இன்னொன்று காய்ந்துகொண்டிருக்கும். இதில் எனக்குப் பிழையே வந்தது கிடையாது.

பிழை வந்தது ஒரே ஒரு விதத்தில்தான். இரண்டு அளவுகள் ஒரே நேரத்தில் தலைக்குள் இருந்தபோது. ஒரு முறை எழுதும் மேஜைக்குக் கால் அளந்துவிட்டுப் பென்சிலை எடுக்கிறேன், வாடிக்கையாளர் ஒருவர் போனில் அழைத்து நாற்காலி உயரம் கேட்டார். சொன்னேன். திரும்பி வந்து மேஜைக் கால் நான்கையும் நாற்காலி அளவுக்கு அறுத்துவிட்டேன். நல்ல தேக்கு. அந்த மரம் வளர எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து அளவைத் தலையில் வைப்பதே இல்லை. அளந்தவுடன் அந்த மரத்திலேயே எழுதுவேன். யார் கூப்பிட்டாலும், தீப்பிடித்தது என்றாலும்கூட, போவதற்கு முன்னால் அடுத்த வெட்டு எங்கே என்று சாக்பீஸால் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டுத்தான் நகர்வேன். ஐந்து விநாடி ஆகும். கூப்பிட்டவர் காத்திருக்கட்டும். திரும்பி வரும்போது நான் எதையும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டாம், மரமே சொல்லும்.

உங்களுக்கு 32ஆம் குறிப்பில் ஒரு அம்புக்குறி இருந்திருந்தால் போதும் என்று நினைக்கிறேன். அந்த ஒன்பது குறிப்பு தப்பியிருக்கும்.


முதலாண்டு எழுதியது:

நான் கல்லூரி மாணவி, இந்தப் பிரச்சினை எனக்கும் உண்டு. தனியாக உட்கார்ந்தால் படிப்பு ஓடாது. தோழியும் நானும் வீடியோ அழைப்பைத் திறந்து வைத்துவிட்டு, பேசாமல் அவரவர் பாடத்தைப் படிப்போம். அவள் தலை குனிந்து எழுதுவது திரையின் ஓரத்தில் தெரிந்தால் போதும், நான் எழுந்து போக மாட்டேன். காரணம் தெரியாது, ஆனால் தேர்வுக் காலம் முழுக்க இப்படித்தான் ஓட்டினேன். அக்கா, முயன்று பாருங்கள்.


கரும்பலகை எழுதியது:

உளவியல் கற்பிக்கிறேன், எனக்கும் ஏடிடி இருக்கிறது. நூற்கண்டு கேட்ட 'ஏன்' என்ற கேள்விக்கு முடிந்த வரை பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் மல்டிடாஸ்கிங் என்று ஒரே பெயரில் கூப்பிடுவதில் இரண்டு வெவ்வேறு சமாசாரங்கள் இருக்கின்றன. மின்னஞ்சல், சொல்லடைவு, அடிக்குறிப்பு என்று போனீர்களே, அதில் எதையும் நீங்கள் ஒரே நேரத்தில் செய்யவில்லை. ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவினீர்கள். தாவும்போது கூலி கொடுக்க வேண்டும் என்பது மிகப் பழைய கண்டுபிடிப்பு. 1927இல் ஆர்தர் ஜெர்சில்ட் என்ற உளவியலாளர் சிலருக்கு எண் பட்டியல் கொடுத்து, ஓர் எண்ணோடு கூட்டு, அடுத்ததிலிருந்து கழி, மறுபடி கூட்டு என்று மாற்றி மாற்றிச் செய்யச் சொன்னார். ஒரே கணக்கைத் தொடர்ந்து செய்வதைவிட நேரம் அதிகம் பிடித்தது. இங்கேதான் உங்களுக்கான விஷயம் வருகிறது. எண்ணுக்கு ஒரு கணக்கு, அடுத்து ஒரு சொல்லுக்கு எதிர்ச்சொல், மறுபடி எண் என்று மாற்றியபோது அந்த இழப்பு ஏறக்குறைய தெரியவே இல்லை. பொருள் வேறாக இருந்தால் எதைச் செய்ய வேண்டும் என்பதை அதுவே காட்டிவிடுகிறது. பார்க்க ஒரே மாதிரி இருந்து, செய்ய வேண்டியது மட்டும் வேறாக இருந்தால்தான் மூளை தடுமாறுகிறது. உங்கள் மூன்று கோப்புகளும் எழுத்துகள், பெயர்கள். இழைப்புளி ஐயாவின் இரண்டு அளவுகளும் எண்கள். பசை காய்வதற்கும் இழைப்பதற்கும் அப்படிப் போட்டி எதுவும் இல்லை.

இப்போது மாறப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்து, தயாராக நேரமும் இருந்தால் இந்தக் கூலி குறைகிறது. ஆனால் முழுதாக மறைவதில்லை. ராஜர்ஸ், மான்செல் இருவரும் 1995இல் காட்டியது இது. நமக்குச் செயல்நினைவு, அதாவது கையில் உள்ள வேலையைத் தற்காலிகமாக ஏந்தி வைத்திருக்கும் நினைவு, பலரிடம் பலவீனமாக இருக்கிறது. தாவித் திரும்பும்போது மற்றவர்களுக்குக் கால் இடறினால் நமக்கு வழியே மறந்துபோகிறது. '40 வரை பார்த்தாகிவிட்டது' என்ற பொய் உறுதி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என்றீர்கள். என் ஊகம்: இரண்டு வேலைகளை முடித்த திருப்தி மனதில் இருந்தது, அது மூன்றாவதோடு ஒட்டிக்கொண்டது. இது ஊகம்தான், ஆனால் எனக்கே பலமுறை நடந்திருக்கிறது.

ஐயா சொன்ன சாக்பீஸ் அம்புக்குறியைப் பற்றி ஆய்வே இருக்கிறது. பாதியில் விட்ட வேலை மனதில் மிச்சமாக ஒட்டியிருந்து அடுத்த வேலையைக் கெடுக்கிறது என்று சோஃபி லெராய் 2009இல் எழுதினார். 2018இல் அவரும் தெரசா குளோமும் சேர்ந்து இன்னொன்றைக் காட்டினார்கள்: எழுந்து போவதற்கு முன்னால், எங்கே நிற்கிறேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வேன் என்று ஒரு வரி எழுதி வைத்தால் அந்த மிச்சம் குறைகிறது. ஐயா இதைப் பட்டறையில் கண்டுபிடித்திருக்கிறார்.

சரி, கம்பளிப் பின்னல். அது தாவல் கிடையாது, உண்மையிலேயே இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. கை பழகிய வேலை, சொல் எதையும் கேட்காது. நம் மூளைக்கு ஒரு வேலை சலிப்பாக இருந்தால் விழிப்பு நிலை தணிந்துபோகிறது, அப்புறம் அது தானாகவே தீனி தேடிப் போகிறது. கைக்குக் கொஞ்சம் தீனி கொடுத்தால் ஓடுவது குறையலாம். 2007இல் யோரன் சோடர்லுண்டும் உடன் பணியாற்றியவர்களும் செய்த சோதனையில், பின்னணியில் ஒரே சீரான இரைச்சல் ஓடியபோது ஏடிஎச்டி உள்ள குழந்தைகளின் நினைவாற்றல் கூடியது, மற்ற குழந்தைகளுக்குக் குறைந்தது. 2015இல் சார்வர், ராப்போர்ட் குழுவினர் பார்த்தபோது, ஏடிஎச்டி உள்ள சிறுவர்கள் அதிகமாக அசைந்த நேரத்தில்தான் செயல்நினைவுச் சோதனையைச் சிறப்பாகச் செய்தார்கள். இரண்டும் குழந்தைகளிடம் நடந்தவை, 41 வயது மெய்ப்புத் திருத்துநருக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அசையாமல், சத்தமில்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவதுதான் கவனம் என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் ஒத்துவராது என்பதற்கு இது போதும். உங்களுடைய அந்த இரண்டு வாரத் தோல்வியை ஒழுக்கக் கேடாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூளைக்கு எதுவுமே கொடுக்காமல் உட்காரவைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.


இரவுப்பணி எழுதியது:

எனக்கு அனுபவம் கொஞ்சம் வேறு. செவிலியர், பெரும்பாலும் இரவு வேலை.

முதலில், பின்னணியில் எதையாவது ஓடவிடுவது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. எனக்குப் பாட்டுப் போட்டால் வரிகளைத்தான் கேட்பேன், கை நின்றுவிடும். தெரிந்த பாட்டாக இருந்தால் இன்னும் மோசம். அவரவர் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே வேலையில் ஆழ்வதிலும் ஆபத்து இருக்கிறது. அதை யாரும் சொல்லவில்லை. ஏடிடி என்றால் கவனமே வராது என்று நினைக்கிறார்கள். வரும், ஆனால் விடாது. போன வருடம் ஒரு பயிற்சித் தேர்வுக்காகக் காலை ஒன்பது மணிக்குப் படிக்க உட்கார்ந்தேன், பாடம் பிடித்துப்போயிற்று. தலை நிமிர்ந்தபோது மணி நான்கரை. மகள் பள்ளி வாசலில் ஒரு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். 'அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்' என்றாள். அதற்குப் பிறகு கைக்கடிகாரத்தில் அதிரும் அலாரம் இல்லாமல் நான் எதிலும் உட்காருவதில்லை. அதனால் 'ஒரே வேலை' என்று யாராவது சொன்னால், எத்தனை மணி வரை என்றும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பேன்.

வார்டில் ஒரே வேலை என்பது கனவு. மணி அடிக்கும், உறவினர் கேட்பார், மருத்துவர் கூப்பிடுவார். நான் எல்லாவற்றையும் காப்பாற்ற முயல்வதில்லை. மருந்து எடுத்துக் கொடுக்கும் அந்த நேரத்தை மட்டும் காப்பாற்றுகிறேன். அப்போது யாரோடும் பேச மாட்டேன், சைகை காட்டி நிறுத்திவிடுவேன். சில மருத்துவமனைகளில் மருந்து கொடுக்கும் செவிலியர் 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்று எழுதிய மேலங்கி போட்டுக்கொள்வார்கள். உங்கள் வேலையிலும் பிழை பட்டால் தாங்காத இடம் எது என்று பார்த்து, அதற்கு மட்டும் அந்த மேலங்கியைப் போடுங்கள். மற்ற நேரத்தில் தாவினால் தாவட்டும்.


நூற்கண்டு எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நேரம் எடுத்து எழுதிய எல்லோருக்கும் நன்றி. செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

அம்புக்குறி முதலில். மேஜையில் மஞ்சள் ஒட்டுத்தாள் வைத்திருக்கிறேன். கோப்பை விட்டு நகரும்போது 'அத். 4, குறிப்பு 17 முடிந்தது, 18ஐத் திற' என்று எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டுகிறேன். முதல் வாரம் பாதி நேரம் எழுதவே மறந்தேன், ஏனென்றால் தாவுவது தெரியாமல்தான் தாவுகிறேன். கை தானாக மின்னஞ்சலைத் திறந்த பிறகுதான் உறைக்கும். அதனால் மின்னஞ்சலைக் கணினியிலிருந்து எடுத்துவிட்டு செல்போனில் மட்டும் வைத்தேன். போனை எடுக்க எழுந்திருக்க வேண்டும், எழுந்திருக்கும்போது தாள் நினைவுக்கு வருகிறது. இரண்டாம் வாரத்திலிருந்து பழகிவிட்டது. பதிப்பகங்களிடம் பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும்தான் மின்னஞ்சல் பார்ப்பேன் என்று சொன்னேன். ஒருவர் உடனே சரி என்றார். இன்னொருவர் அவசரம் என்றால் என்ன செய்வது என்று கேட்டார், அழைக்கச் சொன்னேன். இதுவரை ஒரு முறைகூட அழைக்கவில்லை.

கரும்பலகை அவர்களுக்கு: நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு பின்னலில் ஒன்றைக் கவனித்தேன். நேர்ப் பின்னல் போட்டால் மெய்ப்பு சுத்தமாக வருகிறது. போன வாரம் ஒரு கோலம் வைத்த பின்னலைத் தொடங்கினேன், இரண்டு கண் விட்டு ஒன்று எடுக்க வேண்டும், எண்ணிக்கொண்டே போக வேண்டும். அன்றைக்குப் பார்த்த பன்னிரண்டு பக்கத்தில் ஏழு பிழையை விட்டிருந்தேன். அடுத்த நாள் நேர்ப் பின்னலோடு பார்த்தபோதுதான் அவை கண்ணில் பட்டன. அதே கம்பளி, அதே கை, எண்ணிக்கை மட்டும்தான் கூடுதல். எனக்கு அதைப் பார்த்து அழுகையே வந்தது. இத்தனை வருடம் என் கவனம் நல்ல நாள், கெட்ட நாள் என்று காரணமில்லாமல் மாறுகிறது என்று நம்பியிருந்தேன்.

முதலாண்டு தங்கைக்கு: வீடியோ அழைப்பு எனக்குச் சரிப்படவில்லை, எதிரில் இருப்பவரின் முகத்தையே பார்க்கிறேன். ஆனால் என் கணவர் அதே அறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து அவர் வேலையைப் பார்த்தால் ஓடுகிறது.

ஒரு இடம் இன்னும் சிக்குகிறது. வாக்கியங்களுக்குப் பின்னல் உதவுகிறது, அடிக்குறிப்புக்கும் ஆண்டுகளுக்கும் பக்க எண்களுக்கும் உதவவில்லை. கணினி '1857' என்று படித்தால் காது சும்மா கேட்டுக்கொள்கிறது, '1875' என்று படித்தாலும் அப்படியே கேட்டுக்கொள்ளும். அங்கே எனக்கு அமைதியும் வேண்டும், அதே அமைதியில் மனம் ஓடவும் செய்கிறது. இருபது நிமிடத்துக்கு மேல் முடிவதில்லை. எண்களைப் பார்க்கும்போது கைக்கு என்ன கொடுப்பது?


இரவுப்பணி எழுதியது:

விரலைக் கொடுங்கள். மருந்துப் பெயரையும் அளவையும் நான் விரலால் தொட்டு வாய்விட்டுச் சொல்வேன். ஜப்பானில் ரயில் ஓட்டுநர்கள் சிக்னலைக் கையால் சுட்டி உரக்கச் சொல்வார்கள், அதே முறைதான். அச்செடுத்த தாளில் பாருங்கள், திரையில் வேண்டாம். இடது விரல் மூலத்தில், வலது கையில் பென்சில். '1857' என்று ஒரே மூச்சில் சொல்லாதீர்கள், 'ஒன்று, எட்டு, ஐந்து, ஏழு' என்று ஒவ்வோர் எண்ணாகச் சொல்லி, இரண்டு பக்கத்திலும் தொட்டுவிட்டு ஒரு புள்ளி வையுங்கள். கை, வாய், கண் மூன்றும் ஒரே எண்ணில் இருக்கும். யாராவது குறுக்கிட்டால் கடைசிப் புள்ளிதான் உங்கள் அம்புக்குறி. இருபது நிமிடம் என்பதை நீட்டிக்க முயல வேண்டாம். எனக்கும் அவ்வளவுதான். எழுந்து நடந்துவிட்டு வாருங்கள்.


நூற்கண்டு எழுதியது:

இன்று காலை செய்தேன். 44 குறிப்புகள், 44 புள்ளிகள், நடுவில் இரண்டு முறை எழுந்தேன். தொண்டைதான் கொஞ்சம் வறண்டுபோயிற்று. அந்த வரலாற்று நூலின் அடுத்த பதிப்புக்கு ஆறாம் அத்தியாயத்தை மறுபடி பார்த்துத் தருகிறேன் என்று ஆசிரியருக்கு எழுதியிருக்கிறேன். பதினொரு மணிக்குத்தான் மின்னஞ்சல் பார்ப்பேன், அவர் பதில் அனுப்பியிருக்கிறாரா என்று அப்போது தெரியும்.